டோரு சிவப்பு ஒயின் வாங்க, திறக்க, சாப்பாட்டோடு சேர்க்க: புதிதாக வந்தவருக்கு ஒரு வழிகாட்டி

டோரு பள்ளத்தாக்கு என்றதும் பலருக்கு இனிப்பான போர்ட் ஒயின்தான் நினைவுக்கு வரும். வடக்குப் போர்த்துகலின் அதே மலைச்சரிவுகளில், பெரும்பாலும் அதே திராட்சை வகைகளிலிருந்து, இனிப்பே இல்லாத சிவப்பு ஒயினும் வருகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. படிப்புக்கோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போர்த்துகல் வந்து, கடை அலமாரி முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதியது. ஒயினைப் பற்றி முன்பின் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. முதலில் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் நல்ல பாட்டிலாகப் பார்த்து வாங்கி வந்து, பிறகு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. காசு வீணாவது இங்கேதான் தொடங்குகிறது. 30 யூரோ ஒயினைப் பொரித்த மீனோடு குடித்தால் 4 யூரோ ஒயினைவிட மோசமாக இருக்கும். அது ஒயினின் குற்றமில்லை.

டோரு சிவப்பில் மூன்று குணங்கள் தூக்கலாக இருக்கும். ஒன்று துவர்ப்பு: பால் விடாத கட்டித் தேநீர் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்குமே, அதே வகை. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது. இரண்டாவது ஆல்கஹால்; சாதாரணமாக 13 முதல் 14.5 சதவீதம். மூன்றாவது, வெயிலில் நன்றாகப் பழுத்த கருநீலப் பழங்களின் மணம். டானின் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். வாயில் இறைச்சி இருந்தால் அதன் புரதத்தோடு ஒட்டும். துவர்ப்பு தணிந்து பழச்சுவை மேலே வரும். வாயில் ஒன்றுமில்லை என்றால் எச்சிலோடு ஒட்டி நாக்கைக் காய வைக்கும். வெறும் வயிற்றில் தனியாகக் குடித்துவிட்டு "கசக்கிறது" என்பவர்கள் சொல்வது இந்த உலர்ச்சியைத்தான்.

வாங்கும் வசதிக்காக இந்த ஒயின்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மரப்பீப்பாயில் அதிகம் வைக்காத, ஒன்றிரண்டு ஆண்டே ஆன இளசு. ஓராண்டு அளவில் பீப்பாயில் இருந்த நடுத்தரம். பெரும்பாலும் ரெசெர்வா என்று எழுதியிருக்கும். பழைய கொடிகளின் திராட்சையில் செய்து, நீண்ட நாள் வைத்திருக்கத்தக்க கனமான ஒயின். சாப்பாடு எவ்வளவு கனமோ அவ்வளவு கனமான ஒயின் போதும்.

2. லேபிளில் கண் போக வேண்டிய இடங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். "டின்ட்டு" என்றால் சிவப்பு, "பிராங்க்கு" என்றால் வெள்ளை. "டோரு" என்ற சொல்லும் அதன் அருகே பிறப்பிடத்தை உறுதிசெய்யும் டி.ஓ.சி. என்ற மூன்றெழுத்தும் இருக்க வேண்டும். "டுரியென்ஸ்" என்று இருந்தால் அதே வட்டாரத்து ஒயின்தான், விதிகள் சற்றுத் தளர்ந்த பிரிவு. மட்டம் என்று அர்த்தமில்லை. சில தயாரிப்பாளர்கள் வெளிநாட்டுத் திராட்சை வகைகளைப் பயன்படுத்துவதற்காகவே அந்தப் பிரிவில் போடுகிறார்கள். டோரு, போர்ட் ஒயின்களைக் கண்காணிக்கும் ஐ.வி.டி.பி. நிறுவனத்தின் எண்ணிட்ட முத்திரை கழுத்திலோ பின்பக்கத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்கஹால் அளவு 19 முதல் 22 சதவீதம் என்று போட்டிருந்தால் கையில் இருப்பது போர்ட் ஒயின். அது பிராந்தி வகைச் சாராயம் சேர்த்து, இனிப்பு மிச்சமிருக்கும்படி செய்தது. புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்: "டோரு" என்ற பெயரைப் பார்த்து வாங்கி, ஆட்டுக்கறியோடு ஊற்றினால் பாகு குடிப்பதுபோல் இருக்கும்.

திராட்சைப் பெயர்களில் டூரிகா நாசியோனால், டூரிகா ஃப்ராங்கா, டின்டா ரோரிஸ் மூன்றும் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான பாட்டில்கள் கலவை. டூரிகா நாசியோனால் மட்டும் என்று எழுதியிருப்பவற்றில் பூ மணம் தூக்கலாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும்; முதல் பாட்டிலுக்குக் கலவையே நல்லது. டின்டா ரோரிஸ் ஸ்பெயினின் டெம்பரனில்யோதான். தெற்கே அலென்டெஜு பக்கம் போனால் அதையே அரகோனெஸ் என்பார்கள்.

"ரெசெர்வா", "கிராண்டே ரெசெர்வா" என்ற சொற்களைத் தயாரிப்பாளர் நினைத்தபடி போட முடியாது. சுவைக் குழுவின் மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். ஆனால் "தேர்ந்தெடுத்தது", "சிறப்பு" என்ற பொருளில் வரும் மற்ற அலங்காரங்களுக்காக ஒரு யூரோவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். "கின்ட்டா" என்றால் தோட்டம், பண்ணை.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீன் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவதுண்டு. முட்டை, பால் மிச்சமிருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக லேபிளில் வரும், மற்றவை வராது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஐரோப்பிய ஒன்றிய ஒயின்களுக்கு மூலப்பொருள் பட்டியல் கட்டாயம், பெரும்பாலும் கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கும். அந்தப் பட்டியலிலும் தெளிய வைக்கும் பொருள்கள் எல்லாம் ஏறுவதில்லை. ஆகவே "வீகன்" முத்திரை உள்ள பாட்டிலைத் தேடுவதுதான் சுருக்கு வழி.

3. எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

பிங்கோ டோஸி, கொன்டினென்டி போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளே அன்றாட ஒயினுக்குப் போதும். 4 முதல் 7 யூரோவுக்கு இளசு கிடைக்கும். 9 முதல் 16 யூரோ வரையிலான வரிசையில்தான் டோருவின் உண்மையான மதிப்பு இருக்கிறது. பிரான்சில் இந்த விலைக்கு இவ்வளவு ஒயின் கிடைப்பது கடினம். 25 யூரோவுக்கு மேல் போனால் தனித் தோட்டம், பழைய கொடி, புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஆகியவற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். முதல் மாதத்திலேயே அங்கே போகத் தேவையில்லை.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால்: இளசில் எஸ்டேவா, பாப்பா ஃபிகுஸ், நடுவில் வின்யா கிராண்டே, டுவாஸ் கின்ட்டாஸ், மியான்ட்ரு, கனத்தில் கின்ட்டா டு கிராஸ்ட்டுவின் பழைய கொடி ரெசெர்வா. பார்க்கா வெல்யா என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். 1952 அறுவடையில் தொடங்கிய ஒயின், எல்லா ஆண்டும் வராது, ஒரு பாட்டில் பல நூறு யூரோ. காட்சிப் பெட்டியில் பார்த்துவிட்டு நகரலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் "50 சதவீதம் தள்ளுபடி" மஞ்சள் அட்டைகளை நம்பாதீர்கள். சில பாட்டில்கள் ஆண்டில் பாதி நாள் தள்ளுபடியில்தான் இருக்கும். தள்ளுபடி விலைதான் அதன் சரியான விலை. 12 யூரோ 6 ஆகிவிட்டது என்று எடுத்தால் உங்களிடம் இருப்பது 6 யூரோ ஒயின்.

தனி ஒயின் கடைகளை "கர்ரஃபெய்ரா" என்பார்கள். விலை ஒன்றிரண்டு யூரோ கூடும், ஆனால் "சனிக்கிழமை ஆட்டுக்குட்டி வறுக்கிறேன், 15 யூரோவுக்குள் கொடுங்கள்" என்று சொன்னால் சரியான பாட்டிலை எடுத்துத் தருவார்கள். விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. "கர்ரஃபெய்ரா" என்ற அதே சொல் லேபிளிலும் வரும். அங்கே சிவப்பு ஒயினுக்கு அதன் பொருள் குறைந்தது 30 மாதம் வைத்து, அதில் 12 மாதமாவது பாட்டிலில் இருந்தது என்பது.

ஜன்னல் வெயில் படும் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டோ, கழுத்தில் ஒயின் கசிந்த கறையோ இருந்தால் அந்தப் பாட்டில் எங்கோ சூடுபட்டிருக்கிறது.

4. கவுண்டரில் என்ன கேட்பார்கள்

மது வாங்க வயது 18. இளமையாகத் தெரிந்தால் பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கேட்கலாம். கைபேசியில் உள்ள படத்தை ஒப்புக்கொள்ளாமல் போகலாம், அசலை வைத்திருங்கள்.

பணம் கட்டும்போது "கொன்ட்ரிபுயின்ட்டி?" என்று ஒரு கேள்வி வரும். உங்கள் வரி எண்ணைப் பில்லில் போட வேண்டுமா என்பதுதான் அது. வரி எண் இல்லாதவர்கள் "நாவ்" என்று தலையாட்டினால் முடிந்தது. இருப்பவர்களுக்கும் கட்டாயமில்லை.

வெளியில் காட்டும் விலையில் வரி அடங்கியிருக்கும். போர்த்துகல் நிலப்பரப்பில் கடையில் விற்கும் ஒயினுக்கு மதிப்புக்கூட்டு வரி 13 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வரி நீங்கலாக 50 யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கினால், அதாவது பில் 56.50 யூரோவைத் தாண்டினால், வரியைத் திரும்பப் பெறலாம். இதில் மூன்று சிக்கல்கள். கடை அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும், பணம் கட்டும் முன் கேளுங்கள். பாஸ்போர்ட் விவரம் பில்லில் ஏற வேண்டும், பிறகு வந்து கேட்டால் நடக்காது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் இயந்திரத்திலோ சுங்க மேசையிலோ பதிவு செய்ய வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும். மாணவராகவோ ஊழியராகவோ போர்த்துகலில் குடியிருப்பு அனுமதி பெற்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும்கூட. இடைத்தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்த பிறகு கையில் வருவது 13 சதவீதத்துக்கும் குறைவு. 60 யூரோ பில்லுக்கு விமான நிலையத்தில் அரை மணி நேரம் நிற்பது மதிப்பா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

5. திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டுப் பழைய கல்வீடுகளுக்குச் சொன்னது. ஜூலையில் லிஸ்பன் மாடி வீட்டின் அறை 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழமணம் அமுங்கும், ஒயின் கூழாகத் தோன்றும். இளசுக்கு 14 முதல் 16 டிகிரி, கனமானதற்கு 16 முதல் 18 டிகிரி சரி. 28 டிகிரியில் இருக்கும் பாட்டிலைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். 22 டிகிரி என்றால் அரை மணி நேரம். அவசரமா, வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் சரிபாதி போட்டு 8 முதல் 10 நிமிடம். பனிக்கட்டி மட்டும் போட்டால் மெதுவாகவே குளிரும், தண்ணீர் சேர வேண்டும். உறைபெட்டியில் வைத்து மறந்தால் கார்க் வெளியே வந்துவிடும்.

இளசைத் திறந்ததும் ஊற்றலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட ரெசெர்வாவை அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்; டிகேண்டர் இல்லையென்றால் சுத்தமான கண்ணாடி ஜக் போதும், மணமில்லாத ஜக்காக இருந்தால் சரி. கார்க்கை மட்டும் கழற்றிவிட்டுப் பாட்டிலை அப்படியே வைப்பதால் பயனில்லை. காற்றுப்படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான். பத்து வயதைத் தாண்டியதை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் படிந்த பிறகு மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரல் அளவு ஒயினைத் தியாகம் செய்யுங்கள். பழையதை ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் மணம் போய்விடும், ஊற்றியதும் குடித்துவிட வேண்டும்.

ஈரமான அட்டைப்பெட்டி மணம் வந்தால் கார்க் கெடுத்த ஒயின். காற்றாட விட்டால் சரியாகாது. மிச்சத்தைக் கொட்டாமல், பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். மிச்சமானால் கார்க்கை அடைத்துக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம்.

6. சேரும் சாப்பாடுகள்

வறுத்த வெள்ளாட்டுக் குட்டிதான் டோருவுக்கு முதல் துணை. போர்த்துகீசியத்தில் காப்ரிட்டு அசாடு. ஈஸ்டர் சமயத்தில் எங்கும் கிடைக்கும். மற்ற நாட்களில் இறைச்சிக் கடையில் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நாலு பேருக்கு எலும்போடு 1.5 கிலோ கால் அல்லது தோள். பூண்டு 6 பல், கல்லுப்பு 20 கிராம், காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 2, ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, எல்லாவற்றையும் இடித்துத் தடவி இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு ஒரு கிலோவோடு தட்டில் பரப்பி, 200 மில்லி வெள்ளை ஒயினைப் பக்கவாட்டில் ஊற்றி, ஓவனில் 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். பாதியில் ஒருமுறை திருப்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டில் ஊறும் சாற்றை மேலே ஊற்றுங்கள். கடைசி 15 நிமிடம் 220 டிகிரிக்கு ஏற்றினால் மேல்பக்கம் மொறுமொறுக்கும். கெடுவது இரண்டு இடத்தில். தட்டில் ஒயின் அதிகமானால் கறி வறுபடாமல் வேகும். சாறு வற்றிப் பூண்டு கருகினால் கசக்கும். அந்தக் கசப்போடு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவீர்கள். சாறு வற்றுவதுபோல் தெரிந்தால் அரை டம்ளர் வெந்நீர் விடுங்கள். இதற்கு நடுத்தர ரெசெர்வா போதும்.

கனமான ஒயினுக்குப் போஸ்ட்டா மிரண்டேசா. டோருவுக்கு வடகிழக்கே மிரண்டா பக்கத்து மாட்டினத்தின் தடித்த இறைச்சித் துண்டு. 4 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது. கனலில் போடும் நேரத்தில் கல்லுப்பு, அவ்வளவுதான் மசாலா. பக்கத்துக்கு நாலு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் ஆற விட வேண்டும். நடுவில் சிவப்பு இருக்கும். முழுக்க வேகவைத்துக் கேட்டால் தருவார்கள், ஆனால் சாறு போன கறியில் டானினுக்குப் பிடிமானம் குறைந்துவிடும், ஒயின் முரடாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்கள் சற்று மனதைத் திடப்படுத்திக்கொள்வது நல்லது. முடியாது என்றால் இளசான ஒயினுக்கு மாறிவிடுங்கள்.

மாடு சாப்பிடாதவர்களுக்கு வாத்துச் சோறு. அர்ரோஸ் டி பாட்டு என்று பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். வாத்து வெந்த தண்ணீரிலேயே சோறு வேகும், வாத்துக் கொழுப்பு அரிசியில் இறங்கியிருக்கும், மேலே அடுப்பில் வைத்துச் சிவக்கவிட்டிருப்பார்கள். அதன் மேல் அடுக்கும் வட்டமான சிவப்புத் துண்டுகள் பன்றிச் சாசேஜ். வேண்டாமென்றால் முன்கூட்டியே "செங் ஷோரிசு" என்று சொல்லுங்கள். அரிசிச் சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் போகுமா என்று சந்தேகப்படுபவர்கள் இதில் தொடங்கலாம்.

மிரண்டெலா ஊர் அல்யெய்ரா, ரொட்டியும் கோழியும் பூண்டும் சேர்த்த புகையூட்டிய சாசேஜ். கோழி என்று மட்டும் கேள்விப்பட்டு வாங்காதீர்கள், பன்றிக் கொழுப்பும் சேர்ந்திருப்பது வழக்கம். பொரித்தால் தோல் வெடித்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்; ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி மிதமான சூட்டில் வையுங்கள். இதற்கு 5 யூரோ இளசு போதும், கூடுதல் விலை ஒயின் பூண்டில் காணாமல் போகும்.

போர்ட்டோ நகரத்துக் குடலும் வெள்ளை மொச்சைவகைப் பயறும் சேர்ந்த குழம்பு, நம் போட்டிக் குழம்பு பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். சீரகம்கூட இருக்கும். புளிப்பு சற்றுத் தூக்கலான இளம் டோரு அதன் கொழுப்பை வழித்துவிடும். வடகிழக்கே மலைகளுக்கு அப்பாலுள்ள ஊர்களில் செய்யும் ஃபெய்ஜுவாடா என்ற பயறுக் குழம்புக்கும் இதே கணக்கு.

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்ற விதியைப் போர்த்துகீசியர்கள் மதிப்பதில்லை. உப்பிட்டு உலர்த்திய காட் மீனான பகல்யாவை அடுப்பில் சுட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாக ஊற்றி, அமுக்கிய உருளைக்கிழங்கோடு தருவார்கள். அந்த எண்ணெயும் உப்பும் இருப்பதால் இளசு டோரு தாங்கும். அதே முறையில் செய்த பேய்க்கணவாயும் அப்படியே. வீட்டில் செய்தால் பகல்யாவை 24 முதல் 48 மணி நேரம் குளிர்பெட்டியில் நான்கைந்து முறை தண்ணீர் மாற்றி ஊற வையுங்கள்; உப்பு இறங்காத பகல்யாவ் எந்த ஒயினையும் கொன்றுவிடும்.

பாலாடைக் கட்டியில் டெர்ரின்ஷு, அதே வட்டாரத்துச் செம்மறி ஆட்டுப்பாலில் செய்தது, முதிர்ந்த வகையைக் கேளுங்கள். கரண்டியால் வழித்துச் சாப்பிடும் இளகிய செர்ரா டா எஸ்ட்ரெலா பெரிய பெயர் வாங்கியது, ஆனால் இந்த ஒயினோடு வேண்டாம். அதன் லேசான கசப்பும் குழைவும் டானினோடு மோதும்.

சைவர்களுக்கு: எண்ணெயில் வதக்கிய காட்டுக் காளான், சுட்ட செஸ்ட்நட், சுட்ட கத்திரிக்காய், கொண்டைக்கடலை அல்லது பயறுக் குழம்பு. நல்ல ஆலிவ் எண்ணெயும் உப்பும் தயங்காமல் போட வேண்டும், கொழுப்பு இல்லாத காய்கறியில் இந்த ஒயின் தனியாக நிற்கும். கால்டு வெர்டி சூப்பில் கீரையும் கிழங்கும்தானே என்று நம்பிவிடாதீர்கள், அடியில் ஒரு துண்டு சாசேஜ் கிடக்கும்.

7. சேராதவை

மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்தும் மீன் கொழுப்பும் சேர்ந்து வாயில் உலோகச் சுவை தரும். ஜூன் மாதம் லிஸ்பனில் தெருவெல்லாம் மத்தி சுடுவார்கள். அப்போது வெள்ளை ஒயினோ பீரோ எடுங்கள்.

காரம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூக்கிவிடும், டானின் அதை இன்னும் முரடாக்கும். பிரி பிரி கோழிக்கு டோரு வேண்டுமென்றால் பீப்பாய் காணாத இளசை 14 டிகிரிக்குக் குளிர வைத்து எடுங்கள். வீட்டில் செய்யும் மிளகாய்க் குழம்புக்கும் இதே விதி. மிளகுக் காரம் இவ்வளவு சண்டை போடாது.

வினிகர் தூக்கலான சாலட், கூனைப்பூ, அவித்த முட்டை எல்லாம் ஒயினைத் தட்டையாக்கும். இனிப்பு வந்ததும் டோரு சிவப்பை நிறுத்துங்கள். முட்டைக் கிரீம் பேஸ்ட்ரியோடு குடித்தால் ஒயின் புளித்துப்போனதுபோல் தெரியும். அந்த நேரத்துக்குத்தான் பத்து வருட டானி போர்ட், அதாவது பீப்பாயில் முதிர்ந்த இனிப்பு போர்ட், இருக்கிறது.

போர்ட்டோவின் ஃப்ரான்செசின்யா சாண்ட்விச்சுக்கு ஊர்க்காரர்களே பீர்தான் குடிக்கிறார்கள். விவாதிக்க வேண்டாம்.

8. உணவகத்தில்

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில இடங்களில் ஒரு முழுப் பாலாடைக் கட்டி மேசைக்கு வரும். இலவசம் இல்லை. தொடாமல் திருப்பி அனுப்பினால் பில்லில் வராது. கேட்காமல் வைத்து, நீங்கள் தொடாததற்குக் காசு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பில்லை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

"டோஸ்" என்று பட்டியலில் இருப்பது பல சாதாரண உணவகங்களில் இருவருக்குப் போதும். தனியாகப் போனால் "மெய்யா டோஸ்", அரைப் பங்கு. ஒயின் விலை கடையைப்போல இரண்டு மூன்று மடங்கு. குடும்ப உணவகங்களில் வீட்டு ஒயினை ஜக்கில் கேட்பது கேவலமில்லை. டோரு வட்டாரத்தில் அது நன்றாகவே இருக்கும். லிஸ்பனின் சுற்றுலாத் தெருக்களில் அந்தச் சோதனையைத் தவிர்த்து, 375 மில்லி அரைப் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒயின் சூடாக வந்தால் பனிக்கட்டி வாளி கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காப்ரிட்டு பல இடங்களில் ஞாயிறு மதியம் மட்டும், அல்லது முன்பதிவு செய்தால் மட்டும். காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மதியச் சாப்பாடு 12.30 முதல் 3 மணி வரை. மூன்றரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். இரவு ஏழரைக்கு முன் அநேகமாகத் திறக்காது.

9. பள்ளத்தாக்குக்கே போவதானால்

போர்ட்டோவிலிருந்து டோரு ரயில் பாதையில் ரெகுவா இரண்டு மணி நேரம், பின்யாவ் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல். ஆறு அந்தப் பக்கம். பின்யாவில் இறங்கினால் நடந்து போகும் தூரத்திலேயே சில தோட்டங்கள் உண்டு. சுவைத்துப் பார்க்கும் கட்டணம் ஏறக்குறைய 15 முதல் 40 யூரோ, எத்தனை ஒயின், எந்தத் தரம் என்பதைப் பொறுத்து. முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். செப்டம்பர் தொடங்கி அக்டோபர் முதல் வாரங்கள் வரை அறுவடை. பார்க்க அழகான காலம், இடம் கிடைக்காத காலமும் அதுவே, ஒன்றிரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும், சரிவில் நடக்கும் திட்டத்தைக் காலை பத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தால் ஓட்டுபவர் துப்பிவிட வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் அதற்கென்று பாத்திரம் இருக்கும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலைத் தொட்டாலே அபராதம். உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு 0.2. அந்தச் சாலைகளின் வளைவுகளைப் பார்த்தால் ரயிலே போதும் என்று தோன்றும்.

10. ஊருக்குக் கொண்டுபோக

இந்தியாவுக்குள் வரும் பயணி ஒருவருக்குச் சுங்க வரியில்லாத மது அளவு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு எடுத்தால் 1.5 லிட்டர்; மூன்றாவது எடுத்தால் 2.25, வரம்பு தாண்டிவிடும். விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் வாங்குவதும் அதே 2 லிட்டருக்குள்தான் அடக்கம். மிஞ்சும் அரை லிட்டருக்கு ஒரு வழி இருக்கிறது: டோரு சிவப்பு இரண்டு, 500 மில்லி பாட்டிலில் வரும் டானி போர்ட் ஒன்று. கணக்கு சரியாக 2 லிட்டர்.

கைப்பையில் போட்டால் பாதுகாப்புச் சோதனையிலேயே போய்விடும், 100 மில்லி விதி. பெட்டியில் போடுங்கள், 24 சதவீதத்துக்குக் குறைந்த மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவுத் தடை இல்லை, எடைதான் பிரச்சினை. ஒரு பாட்டில் 1.2 முதல் 1.6 கிலோ வரை வரும். அடி கனத்த, தோள் அகன்ற பாட்டில்களில் வெறும் கண்ணாடியே பாதி எடை. மெல்லிய பாட்டிலாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, தடித்த துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில், ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். டியூட்டி ஃப்ரீ பாட்டிலை இடையில் இன்னொரு விமானம் மாறி எடுத்துப் போவதானால் முத்திரையிட்ட பையைக் கடைசி ஊர் வரை பிரிக்கக் கூடாது, ரசீது பைக்குள்ளேயே தெரியும்படி இருக்க வேண்டும். தபாலில் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். பயணியின் 2 லிட்டர் சலுகை தபாலில் வரும் பாட்டிலுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். அலமாரியின் மேல்தட்டும் சமையலறையும் வேண்டாம். வீட்டில் வெப்பம் மாறாத இருட்டு மூலை எதுவோ அங்கே படுக்க வையுங்கள். குளிரூட்டிய அறை இல்லையென்றால் இளசு பாட்டிலை அடுத்த சித்திரை வெயில் வரும் முன் திறந்துவிடுவதே புத்திசாலித்தனம்.